மலைநாட்டு மாதங்கள் – 2: காமன் ஊன்றிய மாசி

ஹட்டன் பஸ் நிலையத்தை ஒட்டிய சுவர்களில் இந்த மாதம் இரண்டு வகைச் சுவரொட்டிகளே கண்ணில் பட்டன. ஒன்று சாதாரண தரப் பரீட்சைக்கான டியூஷன் வகுப்பு, மற்றது மரண அறிவித்தல். மாசியில் மலையில் என்ன கூத்து, என்ன திருவிழா என்று சுவரைப் படித்துத் தெரிந்துகொள்ள நினைக்கிறவர் வந்த ரயிலிலேயே கொழும்புக்குத் திரும்ப வேண்டியதுதான். தோட்டத்துக் கூத்துக்கு யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு எந்தப் பள்ளத்திலிருந்து தப்புச் சத்தம் ஏறி வருகிறதோ, அந்தப் பக்கம் நடந்துபோனால் கூத்து இருக்கும்.

சென்ற இதழில் தைப்பொங்கலோடு தலவாக்கலையில் நிறுத்தியிருந்தேன். இந்த முறை டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பழைய நண்பரான பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் வீட்டில் தங்கல். ஹட்டன் என்ற பெயரே ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்ததுதான். சுற்றியுள்ள தோட்டப் பலகைகளிலும் அந்நாட்டு ஊர்ப் பெயர்கள் மலிந்திருக்கின்றன. ஆனால் பலகை சொல்லும் பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னால் சில நேரம் அவர் யோசிப்பார். தோட்டத்துக்குத் தமிழ் வாய் வைத்த பெயர் வேறாக இருக்கும்.

நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு நாட்காட்டிகள் புழங்குகின்றன. ஒன்று பயணிகளுக்கானது. அது ஏப்ரலில் தொடங்கும். 1875இல் அமைந்த மைதானத்தில் குதிரைப் பந்தயம், 1897இல் திறந்த விக்டோரியா பூங்காவைச் சுற்றி மலர்க் காட்சி, மலையேறும் கார்ப் பந்தயம், செங்கல் நிறத் தபால் நிலையத்துக்கு முன்னால் படம் எடுக்கிறவர்களின் வரிசை. இதற்கு ‘சீசன்’ என்று பெயர். ‘எங்கே போகிறாய்’ என்று கேட்டால் ‘சீசனுக்கு’ என்பார்கள். அவ்வளவுதான், ஊர்ப்பெயர்கூடத் தேவையில்லை.

மற்ற நாட்காட்டி லயத்துக் காம்பராக்களுடையது. தைப்பொங்கல், மாசியில் காமன், பங்குனி சித்திரையில் மாரியம்மன் திருவிழா, ஆடிப்பூசை, தீபாவளி. இதில் காமன் மட்டும் ஒரே நாளில் முடிகிற விசேஷமல்ல. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றினால் பௌர்ணமி இரவு எரிக்கும்வரை தோட்டத்துக்குத் தூக்கம் குறைவு.

ஏன் மாசி? புராணக் காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். தேயிலைக் காரணமும் ஒன்று உண்டு என்பது என் கணிப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புல, நுவரெலியாப் பகுதிகளில் வறண்ட குளிர்காற்று வீசும். விடியற்காலையில் சில இடங்களில் உறைபனி விழுந்து கொழுந்தைக் கருக்கும். செடி மெதுவாகத் துளிர்க்கும். மெதுவாக வளர்ந்த கொழுந்தில் மணம் கூடும். 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் மேற்கு மலைத் தேயிலைக்கு மவுசு கூடும் பருவம் இது. வாங்குகிறவர்கள் இதைத் தரப் பருவம் என்பார்கள். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கோ, கூடை நிறையாத பருவம். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்ற கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், 18 கிலோ என்பது பரவலாகக் காதில் விழும் எண். மாசியில் அந்த எண்ணைத் தொட மலையை இரண்டு முறை சுற்ற வேண்டும். தொடாவிட்டால் அரைப்பேர். உலகத்தின் மிக மணமான தேநீர் அரைப்பேர் மாதத்தில்தான் பிறக்கிறது. வேலை சற்றுத் தளர்ந்த அந்த இடைவெளியில் கூத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

காமன் ஊன்றிய அன்று பெரிய கூட்டமில்லை. கோயிலுக்குக் கீழே, லயங்களுக்கு நடுவில் ஒரு சமதரை. அதற்குக் காமன் பொட்டல் என்று பெயர். மற்ற பதினோரு மாதமும் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். குழி தோண்டி, ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் கட்டிய கம்பத்தை நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, விராட்டி கட்டினார்கள். தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேருக்கு விரதம்: ரதியும் மதனும். இருவரும் ஆண்களே. இங்கே மதன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் இருபத்தைந்து வயது இளைஞன். ரதி, பதினோராண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் சாதாரண தரப் பரீட்சைக்குக் காத்திருக்கும் மாணவன்.

இந்தத் தெரிவில் மாணவனின் தாய்க்கும் கூத்தைப் பழக்கும் மாஸ்டருக்கும் நடந்த வாக்குவாதத்தை இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டேன்.

“பரிச்ச வருது மாஸ்டர். புள்ள ராவெல்லாம் ஆடுனா எப்பப் படிப்பான்?”

“எடுப்பா இருக்கிற புள்ள வேற யாரு இருக்கா தாயி? நீயே சொல்லு. உங்க அப்பனே ரதி கட்டுனவருதான்.”

தாய் அதற்குப் பிறகு பேசவில்லை. தகப்பன் பெயர் வந்ததும் வழக்கு முடிந்துவிட்டது.

கதை தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பல். புராணத்தில் சில வரிகளில் முடிகிற இந்தச் சம்பவத்தைத் தோட்டத்துக் கூத்து இரவுகணக்கில் நீட்டுகிறது. நீட்டுவது போர்க்களத்தையோ தேவலோகத்தையோ அல்ல, புருஷன் பெண்டாட்டி சண்டையை. ரதி கெட்ட கனவு காண்கிறாள். போகாதே என்கிறாள். மேலிடத்து உத்தரவு, போகாமல் முடியாது என்கிறான் மதன். எதிர்ப்பாட்டு, மறுப்பாட்டு என்று வாக்குவாதம் ஏறிக்கொண்டே போகிறது. சணல் சாக்கை விரித்துப் போர்வைக்குள் குந்தியிருக்கும் பெண்கள் ரதி பக்கம். ‘விடாதடி’ என்று ஒரு குரல் இருட்டிலிருந்து வரும். மேலிடத்து உத்தரவுக்கு முதுகு வளைத்துப் போய்ச் சாகும் ஆண்களை அவர்கள் கூத்துக்கு வெளியிலும் பார்த்திருக்கிறார்கள்.

ஓலை கொண்டுவரும் தூதன், குறவன் குறத்தி, எமன், வீரபத்திரன் என்று இடையில் பாத்திரங்கள் வந்து போகும். வீரபத்திரன் வரும்போது சின்னப் பிள்ளைகள் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள். குறவன் குறத்திக்குச் சிரிப்பு பொறுப்பு. இந்த ஆண்டு குறத்தி, கைபேசியில் குறி சொன்னாள். பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

இந்தக் கூத்து தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மூட்டையோடு மூட்டையாக வந்தது. அங்கே காமன் பண்டிகையில் இலாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்று விடியவிடிய வாதாடுவது வழக்கம். இலங்கை மலையில் 1823ஐத் தோட்டத் தொழிலின் தொடக்க ஆண்டாகக் கொள்கிறார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்ட காலம் அது. கோப்பி இலைநோயில் மடிந்தபின் தேயிலை வந்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்திருந்தார். இந்தத் தோட்டங்களில் வேலைக்கென்று தலைமன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். இருநூறாவது ஆண்டான 2023இல் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை அதே தடத்தில் ஒரு நினைவு நடைபயணம் போனது. எங்கள் ஆசிரியர் நண்பரும் அதில் சில நாள் நடந்திருக்கிறார். கால் கொப்புளம் ஆறியது, காலணி மட்டும் நினைவாக அலமாரிக்கு மேலே இருக்கிறது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் தவிலும் தப்பும் தெரிந்தவர்கள், ஏட்டை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த அலுவலகமும் எண்ணவில்லை. நான் தங்கிய தோட்டத்திலேயே முன்பு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் மூன்றும் நடந்ததாம். அருச்சுனன் தபசுக்கு நெட்டைக் கம்பம் நட்டு, அருச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவான். ஏறிப் பாடத் தெரிந்தவர் குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டார். கம்பம் நடுவது அத்தோடு நின்றது.

தப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய சாதாரண வாத்தியம். மலைக்குளிரில் அரை மணிக்கொரு முறை தோல் தொய்யும். உடனே வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, சத்தம் ‘நிமிர்ந்த’ பிறகுதான் மறுபடி அடி. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கூத்துக்கு ஒரு அடி. முன்பு நாலாவதாக ஒன்றும் இருந்தது. விடியுமுன் லயத்து ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு இழுக்கும் பிரட்டுத் தப்பு. கங்காணி பேர் கூப்பிடும் நேரம் அது. கிழவி ஒருவர் சொன்னார்: “அந்தச் சத்தம் கேட்டா வயிறு கலங்கும் தம்பி. இதே தப்புத்தான் ராத்திரிக்குக் கூத்துல அடிச்சா காலு தானா ஆடும்.”

தப்படிப்பதைத் தோட்டங்களில் ஒரு சாதியார் தலையில் கட்டிவைத்த காலம் நெடியது. சாவு வீட்டுக்கு அடித்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய அவமானம் அதோடு சேர்ந்தே வந்தது. அதனால் பல இளைஞர்கள் தப்பைத் தொட மறுத்தார்கள், அந்த மறுப்பில் நியாயம் உண்டு. இப்போது வேறொரு தலைமுறை அதை மேடைக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் ஊர்வலத்துக்கும் தானாகவே எடுத்துப் போகிறது. இந்தத் தோட்டத்தில் அடித்த ஆறு பேரில் இருவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறவர்கள், காமனுக்காக லீவு போட்டு வந்தவர்கள். கலை வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பேசாதவரை அந்தப் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

மலைப் பாடல்களை எழுத்தில் பிடித்துவைத்தவர்களில் முதலில் நினைவுக்கு வருகிறவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். ஆங்கிலத்தில் கவிதை எழுதிய அதே கையால் லயத்துக் கிழவிகள் பாடியதையும் எழுதிக்கொண்டார். அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இல்லாவிட்டால் பல பாட்டு கிழவிகளோடு போயிருக்கும். அவருக்கும் முன்னால் ஹட்டனில் ஒரு பெண் குரல் இருந்தது. 1931இல் இங்கே தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மை, கூட்டம் தொடங்குமுன் தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். அவை 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் அச்சாயின. ஹட்டனில் டியூஷன் சுவரொட்டி ஒட்டும் சுவர் ஒன்றிலாவது அவர் முகம் இருந்தால் என்ன என்று தோன்றியது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. மலைக்கு அடிவாரமான பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். ஈழத்து அரங்க வரலாற்றில் அது பெரிய திருப்பம். கிழக்குக் கரையிலிருந்து கூத்து பேராதனைக்கு ஏறி வந்தபோது, சில மணி நேர பஸ் தூரத்தில் மேலே இருந்த காமன் மட்டும் அந்த மேடைக்கு இறங்கவில்லை. ஒருவிதத்தில் நல்லதுதான் என்று மாஸ்டர் நினைக்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் ரதியால் அழுது முடிக்க முடியாதாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கூத்து இரவுகளின் உணவு ரொட்டி. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கனமான தட்டில் சுடுவது. தொட்டுக்கொள்ள கட்டசம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், மாசிக்கருவாடு, உப்பு, எலுமிச்சை, அம்மியில் வைத்து நசுக்கியது. விரதக்காரர்களுக்கு மாசிக்கருவாடு இல்லாமல் தனியாக அரைத்தார்கள். இரண்டு ரொட்டி காலையில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனால் மதியம்வரை தாங்கும். தோட்டத்தின் நாள் கணக்கே ரொட்டியில் நிற்கிறது. கூடவே சாயத்தண்ணி. பால் கிடையாது, சீனிகூடக் கலக்காமல் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பவர்கள் உண்டு. ஏலத்தில் மணத்துக்குப் பெயர் வாங்கும் தேயிலை இந்தக் கோப்பைக்கு வருவதில்லை. இங்கே வருவது தூள். ஆனால் அதிகாலை மூன்று மணிக் குளிரில், அந்தத் தூளில் போட்ட சாயத்துக்கு நிகராக எந்த விடுதியிலும் நான் குடித்ததில்லை.

காலையில் இன்னொரு இசை. சூன் பாண் ஆட்டோ. கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸ், மாலுபாண், சீனிச்சம்பல் பணிஸ் அடுக்கிக்கொண்டு மலைவளைவுகளில் வரும்போது அதன் ஒலிபெருக்கியில் பேத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ சிணுங்கும். இரவெல்லாம் தப்பு, விடிந்தால் பேத்தோவன். மாதாந்தக் கலை நிகழ்ச்சிப் பட்டியலில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும்.

நடுவில் ஒரு பகல் மஸ்கெலியாவுக்குப் போய்வந்தேன். சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை வரும் காலம். ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பஸ்கள் எல்லாம் வெள்ளை உடுப்பும் கம்பளித் தொப்பியுமாக நிறைந்திருந்தன. 2,243 மீற்றர் உயர மலை. சிவன் பாதம், புத்தர் பாதம், ஆதம் பாதம் என்று ஏறுகிறவர் அவரவர் கணக்கில் வணங்கலாம். வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம். அறுபதுகளின் இறுதியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும், ஊர் மக்கள் இறங்கிப்போய் விளக்கேற்றுவார்கள். என் அதிர்ஷ்டம், இந்த முறை தண்ணீர் நிறையவே இருந்தது. கரையில் சோளம் அவித்து விற்றவர், கோயில் இருக்கும் இடத்தைக் கையால் காட்டினார். நானும் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

தேயிலையையே வண்ணமாக்கிய ஓவியர் ஒருவரைப் பற்றி ஆசிரியர் நண்பர் அன்று இரவு பேசினார். மலையகத்துப் பெண்ணான ஹனுஷா சோமசுந்தரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் பயின்றவர். தேயிலைக் கறையையும் தேநீர் வடிகட்டியையும் கொண்டு லயத்து வாழ்க்கையை வரைகிறார். அவருடைய படங்களைப் பார்க்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்பது நண்பரின் குறை. மலைக்குள்ளேயே பார்க்க வேண்டுமென்றால் கம்பளைக்கு மேலே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 முதல் இருக்கும் தொழிலாளர் நூதனசாலைக்குப் போகலாம். பழைய லயக் காம்பராக்களையே காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். காம்பராவுக்குள் குனிந்து நுழையும்போது எழும் மூச்சுத்திணறல், எந்தப் படமும் சொல்லாததைச் சொல்லும். அதைப் பற்றி வேறொரு மாதம் எழுத இருக்கிறேன்.

மாசி மகமும் பௌர்ணமியும் அடுத்தடுத்து வருவதால் தோட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரதத் தேர் பார்க்க வாடகை பஸ் பிடித்தது. மறுபாதி காமனைக் காக்க நின்றது. தேருக்குப் போனவர்கள் எரிப்பதற்குள் திரும்பிவிடுவதாகச் சத்தியம் செய்து போனார்கள், திரும்பியும் விட்டார்கள். பெண்கள் தலையில் மாத்தளைக் கனகாம்பரம்.

பௌர்ணமி இரவு ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிவந்தார்கள். மதன் முகத்தில் பச்சை, தலையில் கிரீடம், கையில் கரும்பு வில். ஒவ்வொரு காம்பரா வாசலிலும் சாணம் தெளித்து நிறைகுடம் வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லாத ஒரு தம்பதி ரதியின் காலில் தண்ணீர் ஊற்றி வணங்கியபோது, பதினோராம் வகுப்புப் பையனான அந்த ரதி கூச்சப்பட்டு மாஸ்டரைப் பார்த்தான். ‘கையத் தூக்குடா’ என்று மாஸ்டர் வாயசைத்தார். ரதி கையைத் தூக்கி ஆசீர்வதித்தாள்.

மூன்றரை மணி சுமாருக்குச் சிவன் கண் திறந்தார். மேலே மரத்திலிருந்து கயிற்றில் சறுக்கி வந்த நெருப்பு கம்பத்தில் விழுந்தது. வைக்கோல் ஒரே மூச்சில் பற்றியது, விராட்டி நின்று எரிந்தது. தப்பு சாவடிக்கு மாறியது. அந்த மாற்றம் புரிந்த உடனே பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை எழுந்தது. ரதி நெருப்பைச் சுற்றி வந்து ஒப்பாரி வைத்தாள். பையனின் குரல் இரண்டு இடங்களில் உடைந்தது, அது பாட்டுக்குப் பொருந்திவிட்டது. அவன் தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். மகனுக்காகவா ரதிக்காகவா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

ஏழு மணிக்கு அதே பெண்கள் பிரட்டுக்களத்தில் நின்றார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு. சாம்பலில் ஒரு பிடியை மாஸ்டர் மூடிவைத்தார். மூன்றாம் நாள் காமனை எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டால் பொட்டல் தீட்டு.

எனக்கு அன்றே ரயில். புறப்படுமுன் சாயத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது, லயத்துப் படியில் ரதி கடந்த காலப் பரீட்சைத் தாளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தான். புருவ மை இன்னும் அழியவில்லை. காமனை எழுப்பிய மறுநாளே பரீட்சை தொடங்குகிறதாம்.

“முதல் நாள் என்ன பாடம் தம்பி?”

“சைவநெறி சார்.”

“அதில காமன் வருவாரா?”

கொஞ்சம் யோசித்தான். “காமன் கூத்து வராது சார். அட்டவீரட்டம் வரும். காமனை எரிச்ச எடம் திருக்குறுக்கை.” தாளில் விரலை ஓட்டிவிட்டுச் சொன்னான்: “வந்தா ரெண்டு மார்க்.”

(அடுத்த மாதம்: பங்குனி. மாரியம்மன் கோயில் வாசலில் கும்பம் பாலிக்கும் நாட்கள்.)